தொண்ணூற்றேழு விரல்கள்

அத்தியாயம் 6

வேனை விட்டு இறங்கும்போதே வெடிக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. பசி ஒரு பக்கம். அதைவிட, கூட வந்த டெய்லர் வழியெல்லாம் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்ததுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"ரேகை மெஷின் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம். அது போதும்."

"சார், கம்பெனி இன்ஜினியர் முந்தாநாளே வந்து மெஷின் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்," என்றான் வெடி. "இதுக்கு மேல கோளாறுன்னு எழுதினா, கோளாறு எங்க மண்டையிலன்னு ஆயிடும்."

வெடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வாயைத் திறந்தால் எதையாவது கொளுத்திப் போடுவான். கூட இருப்பவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுடைய முதலாளியம்மாவுக்கும் பட்டப்பெயர்தான். தராசு. யார் எதைச் சொன்னாலும் ஒரு நிமிடம் எடை போட்டுவிட்டுத்தான் பதில் சொல்லும் துப்பறியும் அம்மாள். பதினோரு வருடமாக அவருடைய பையைத் தூக்குகிறான் வெடி. அவர் அவசரப்பட்டு அவன் பார்த்ததில்லை.

இன்றைக்கு அவசரப்பட்டே ஆக வேண்டும். மூன்று மணிக்கு விசாரணை.

விஷயம் இதுதான். ஊருக்குப் பின்னால் ஒரு மலை. மலையடியில் ஒரு கிணறு. ஊர் முழுக்கக் குடிப்பது அந்தத் தண்ணீர். மலையை உடைத்து ஜல்லியாக்க ஒரு குவாரிக் கம்பெனி உரிமம் கேட்டது. ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆட்சேபணை பதிவு செய்தார்கள். ஐம்பது ஆட்சேபணை இருந்தால் உரிமம் கிடையாது என்பது விதி. ஊர் நிம்மதியாகத் தூங்கியது. ஆட்சேபணைக்கான கடைசித் தேதி முடிந்த மறுநாள் பார்த்தால், நூற்றுப் பன்னிரண்டில் தொண்ணூற்றேழு வாபஸ் ஆகியிருந்தது. மிச்சம் பதினைந்து.

ஒவ்வொரு வாபஸிலும் அந்தந்த ஆளின் கைரேகை. எல்லாமே ஊரில் இருக்கும் ஒரே தகவல் சேவை மையத்தில், அதன் ஆபரேட்டர் வழியாகப் பதிவானவை. ஊரே சேர்ந்து புகார் கொடுத்தது. நாங்கள் வாபஸ் வாங்கவே இல்லை, எங்கள் ரேகையைப் பசையில் அச்செடுத்து வைத்துக்கொண்டு ஆபரேட்டர்தான் போட்டுவிட்டாள் என்று. அந்த ஆபரேட்டர் டெய்லரின் மனைவி. நாலு நாளாகக் காவலில் இருக்கிறாள். இன்று வரை ஒரு வார்த்தை பேசவில்லை. குற்றம் உறுதியானால் மூன்று வருடம் உள்ளே.

"அரசாங்கத் தாள்லதான் தகவல் சேவை மையம். ஊர்ல எல்லாரும் பொட்டி ரூம்னுதான் சொல்லுவாங்க," என்று டெய்லர் ஷட்டரைத் தூக்கினார். விசாரணை அதிகாரியின் கடிதத்தைக் காட்டித் தராசு சாவியை வாங்கி வைத்திருந்தார்.

பெட்டி மாதிரிதான் இருந்தது. உரக் கிடங்கை ஒட்டி, பத்துக்கு எட்டு அறை. கூரையில் சூரியத் தகடு. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், துணி போர்த்திய ஒரு பிரிண்டர், சோப்புக் கட்டி அளவில் ரேகை மெஷின். அதன் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர், மடித்து வைத்த துணி, பாதி தீர்ந்த முகக் கிரீம். வாசலுக்கும் மேஜைக்கும் நடுவில் ஒரு திரை. வந்தவர் உட்கார ஒரே ஒரு நாற்காலி.

சுவரில் இரண்டு காகிதங்கள். ஒன்று திறப்பு விழாப் போட்டோ: நகரத்திலிருந்து வந்த பதினாறு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், ஆபரேட்டர் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தாள். அந்தப் பதினாறு பேரில் ஒருவர்கூட இந்த நாலு நாளில் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்று அவள் கையெழுத்தில் எழுதியது: 'உள்ளே ஒருவர் மட்டும் வரவும். உள்ளே பேசியது வெளியே போகாது.'

"டாக்டர் வீட்டு வாசல் மாதிரி இருக்கே," என்றான் வெடி.

"டாக்டர விட மேல சார்," என்றார் டெய்லர். "எழுதப் படிக்கத் தெரியாதவங்க எல்லாத்தையும் அவகிட்டதானே சொல்லியாகணும். யார் வீட்ல விவாகரத்து மனு, யாருக்கு என்ன வியாதி, எல்லாம் அவளுக்குத் தெரியும். எங்கிட்டகூட சொன்னதில்ல."

தராசு நாற்காலியில் உட்கார்ந்து கிரீம் டப்பாவைத் திறந்து பார்த்தார். கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "போலீஸ் எதைப் பார்த்தாங்க?" என்று கேட்டார்.

"மேலிடத்துல இருந்து வந்த லிஸ்ட்ட மட்டும்தான். பேரு, தேதி, வாபஸ். அவ்வளவுதான்."

"மெஷின் தனக்குன்னு ஒரு டைரி எழுதும். அத யாரும் கேக்கலியா?"

டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை. "அப்படி ஒண்ணு இருக்கா மேடம்?"

"இருக்கும். பாஸ்வேர்டு தெரியுமா?"

"எங்க பொண்ணு பேருதான்," என்றார் அவர். பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நாலு நாளாகப் பள்ளிக்கூடத்தில் அவளோடு யாரும் பேசுவதில்லையாம். கேட்ட வெடிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தையே கொளுத்த வேண்டும் போலிருந்தது.

அவன் மெஷினின் டைரியைத் திறந்து அச்சடித்தான். பக்கம் பக்கமாக வந்தது. ஒவ்வொரு வரியிலும் ஆளின் பெயர், நேரம், எந்த விரல், எத்தனை தடவை வைத்தது, ஏறியதா ஏறவில்லையா. தராசு முதல் பக்கத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். அதை மட்டும் மடித்துத் தன் பையில் வைத்துவிட்டு, அடுத்த பக்கத்தை மேஜையில் விரித்தார்.

"இங்க வா வெடி. இந்தக் கொத்தனார் பேரைப் பாரு."

வெடி படித்தான். "வலது கட்டை விரல், ஏறல. ஏறல. ஏறல. ஏறல. வலது ஆள்காட்டி, மூணு தடவ, ஏறல. இடது கட்டை, ரெண்டு தடவ, ஏறல. இடது மோதிர விரல், ஏறிடுச்சு. அடேயப்பா, பத்து தடவ! மனுஷன் பரீட்சைகூட இத்தனை தடவ எழுதியிருக்க மாட்டார்."

"மத்ததையும் பாரு."

நாற்று நடுகிற அம்மாள் ஏழு தடவை. தோல் பதனிடுபவர் ஒன்பது தடவை. பால்காரர் ஐந்து. மண்ணிலும் சிமெண்டிலும் சுண்ணாம்பிலும் தேய்ந்துபோன கைகள். பள்ளிக்கூட வாத்தியார் மட்டும் ஒரே தடவையில் ஏறியிருந்தார்.

"உழைக்காத கை உடனே ஏறுது," என்றான் வெடி.

"விளையாடாம யோசி. நீ ஒரு ஊர் ரேகையெல்லாம் பசையில அச்செடுக்கிற திருடன். ஒரு ஆளுக்கு எத்தனை அச்சு எடுப்ப?"

"ஒண்ணு. வேலை செய்யற ஒண்ணு போதுமே."

"கொத்தனாருக்கு மட்டும் நாலு விரல் எடுப்பியா? அதுல மூணு ஏறாத விரல்? ஏறாத விரல்களையும் எடுத்துட்டு வந்து, ஆள் இல்லாத ரூம்ல உக்காந்து, ஒன்பது தடவ வெச்சுத் தோத்துட்டு, பத்தாவதா நல்ல விரல வெப்பியா?"

வெடி தலையைச் சொறிந்தான். "பூட்டைத் திறக்காத சாவியை எவன் மேடம் மெனக்கெட்டுச் செய்வான்?"

"அதான். இந்தக் கிண்ணம், துணி, கிரீம் எல்லாம் எதுக்கு? வந்தவங்க விரலைக் கழுவி, துடைச்சு, கிரீம் தடவி ஏற வெக்கறதுக்கு. பசை அச்சுக்குக் கிரீம் தடவ மாட்டாங்க."

டெய்லர் வாசலில் நின்றபடி, "அப்போ... அப்போ என்ன அர்த்தம் மேடம்?" என்றார். தெரிந்துகொள்ளக் கேட்கிற கேள்வி மாதிரி இல்லை அது.

"கொத்தனாரைக் கூட்டிட்டு வாங்க. தொழிலாளர் அட்டையைப் புதுப்பிக்கணும், ரேகை வேணும்னு மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் பேச வேணாம்."

கொத்தனார் பத்து நிமிடத்தில் வந்தார். கையில் காய்ந்த சிமெண்ட். நல்ல மனிதர் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அதுதான் வெடிக்குச் சங்கடமாக இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே இடது மோதிர விரலைக் கிண்ணத்தில் நனைத்து, துணியில் துடைத்து, மெஷினில் வைத்தார்.

பச்சை விளக்கு. ஒரே அமுக்கு.

"கட்டை விரல் வெக்கலியா கொத்தனாரே?" என்றார் தராசு, சும்மா கேட்பது போல.

"அது தேஞ்சு போச்சும்மா. ஏறாது."

"எப்பலேர்ந்து?"

"ஒண்ணரை மாசம் ஆச்சு. சிமெண்டு அரிச்சுடுச்சு."

"அதுக்கு முன்னால மாசாமாசம் இந்த மெஷின்ல கட்டை விரல்தான் வெச்சிருக்கீங்க. டைரியில இருக்கு. ஒண்ணரை மாசத்துல நீங்க இங்க வரவே இல்லன்னு புகார்ல எழுதியிருக்கீங்க. அப்ப இந்த விரல்தான் ஏறும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு அந்தப் பொண்ணுதான் ஒவ்வொரு விரலா வெச்சுப் பாத்து..."

கொத்தனார் நிறுத்தினார். நிறுத்தியது தாமதம் என்று அவருக்கே தெரிந்தது. விரலை மெஷினிலிருந்து எடுத்து மடிக்குள் மறைத்துக்கொண்டார், சுட்டுக்கொண்டவர் மாதிரி.

அப்புறம் அழுதார். பெரிய மனிதர்கள் அழுவதைப் பார்க்க வெடிக்குப் பிடிக்காது. சுவரில் இருந்த பதினாறு பல்வரிசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பையனுக்கு வேலை போட்டுத் தர்றேன்னு குவாரி மேஸ்திரி வந்து சொன்னாரும்மா. கேட்டுல வாட்ச்மேன் வேலை. ஆட்சேபணைய மட்டும் எடுத்துடு, காதும் காதும் வெச்ச மாதிரி இருக்கணும், வெளிய தெரிஞ்சா வேலை வேற ஆளுக்குப் போயிடும்னாரு. நான் ஒருத்தன் எடுத்தா என்ன ஆயிடப் போகுதுன்னு நெனச்சேன். பாக்கி நூத்திப் பதினொரு பேரு இருக்காங்களே, மலைய அவங்க காப்பாத்துவாங்கன்னு..."

"மேஸ்திரி சொன்னதுக்கு எழுத்து ஏதாவது இருக்கா? சாட்சி?"

"வாய் வார்த்தைதாம்மா. ஆளும் இப்ப ஊர்ல இல்ல."

"புகார்ல கையெழுத்துப் போடும்போது என்ன நெனச்சீங்க?" என்று வெடி கேட்டுவிட்டான். கேட்டிருக்கக் கூடாது. வாய் நிற்கவில்லை.

கொத்தனார் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, எல்லாருமே எடுத்திருக்கோம்னு. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல தம்பி. யாரோ ஒருத்தர், அந்தப் பொண்ணுதான் பண்ணியிருக்கும்னாங்க. எல்லாரும் ஆமா ஆமான்னுட்டோம்."

அதற்கப்புறம் வேலை சுலபம். கொத்தனார் சொல்லிவிட்டார் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பகல் ஒன்றரைக்குள் நாலு வீடு ஏறி இறங்கினார்கள். நாலு வீட்டிலும் முதலில் சத்தியம் செய்தார்கள், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்கள். பால்காரரின் தம்பிக்கு வாட்ச்மேன் வேலை. தோல் பதனிடுபவரின் மருமகனுக்கு வாட்ச்மேன் வேலை. வாத்தியாரின் மச்சானுக்கு வாட்ச்மேன் வேலை. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தார்கள். திரைக்குள் ஒருவர்தானே போக முடியும்.

"அந்தக் குவாரிக்கு இருக்கறதே ஒரு கேட்டு மேடம்," என்றான் வெடி, வேனில் ஏறும்போது. "தொண்ணூத்தேழு வாட்ச்மேன். உள்ள கல்லு உடைக்கத்தான் ஆள் இருக்காது."

தராசு சிரிக்கவில்லை. டெய்லர் முன் சீட்டில் உட்கார்ந்து வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மெஷின் கோளாறு பாட்டு நின்றுவிட்டது.

வட்ட அலுவலகத்தில் ஆபரேட்டரைப் பின்னறையில் உட்கார வைத்திருந்தார்கள். பழைய கோப்புகள் அடுக்கிய அறை. ஸ்டூலில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள், கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற பழக்கம் போல. முப்பத்தைந்து வயதிருக்கும். நாலு நாள் தூங்காத கண். டெய்லர் வாசலிலேயே நின்றுவிட்டார். தராசும் வெடியும் மட்டும் உள்ளே போனார்கள்.

"அம்மா, உனக்கு விடுதலை," என்றான் வெடி, பொறுக்க முடியாமல். "நீ ஒண்ணும் பண்ணலன்னு மெஷினே சாட்சி சொல்லிடுச்சு. ஒவ்வொருத்தரும் எத்தனை தடவ விரல் வெச்சாங்கன்னு கணக்கா இருக்கு. அவங்களா வந்து, அவங்களா வெச்சது!"

அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தான். முகம் இறுகியது.

"அந்தக் காகிதத்த யார்கிட்டயாவது காட்டிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. மூணு மணிக்கு..."

"காட்டாதீங்க." அவள் தராசைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மேடம், உங்களக் கெஞ்சிக் கேக்கறேன். நான்தான் பண்ணேன்னு காலைலயே எழுதிக் குடுத்துட்டேன். மூணு மணிக்கு அதிகாரி முன்னால படிச்சுக் கையெழுத்து வாங்குவாங்க. அவ்வளவுதான்."

வெடிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா உளறுற? மூணு வருஷம் ஜெயில்!"

ஆனால் தராசு ஸ்டூல் பக்கத்தில் மெல்லக் குனிந்தார். எடை போட்டு முடித்துவிட்ட முகம். "மோசடின்னா அந்த வாபஸ் எல்லாம் செல்லாது. இல்லையாம்மா?"

"செல்லாது. நூத்திப் பன்னெண்டு ஆட்சேபணையும் திரும்ப உசுரோட வந்துடும். மலைய யாரும் தொட முடியாது." அவள் நிதானமாகத்தான் பேசினாள், விண்ணப்பம் படித்துக் காட்டுகிற மாதிரி. "நான் பண்ணலன்னு ஆச்சுன்னா, தொண்ணூத்தேழும் நிஜ வாபஸ். பதினஞ்சுதான் மிச்சம். இன்னிக்கு சாயந்தரமே உரிமத்துல சீல் போட்டுடுவாங்க."

காலையிலிருந்து அவன் சந்தோஷமாகத் தேடிய சாட்சி கிணற்றை மூடுகிற சாட்சி.

"ஊரு பண்ணதுக்கு நீ ஏம்மா போகணும்?" என்றான், கோபமாகவே. "அவங்கதானே வித்தாங்க!"

"நானும்தான் சார்." அவள் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள். "ஒவ்வொருத்தரும் உள்ள வந்து உக்காருவாங்க. பாக்கி நூறு பேரு இருக்காங்களே, நான் ஒருத்தன் எடுத்தா என்னம்மான்னு கேப்பாங்க. நல்லா யோசிச்சீங்களான்னு மட்டும் கேட்டுட்டு எடுத்துக் குடுத்துடுவேன். நூறு இல்லன்னு எனக்குத் தெரியும். தொண்ணூறு ஆச்சு, எழுபது ஆச்சு. அறுபத்து மூணாவது ஆளு வந்து உக்காந்தாரு. அவரு எடுத்துட்டா மிச்சம் நாப்பத்தொம்பது. ஐயா, உங்களோட போச்சு, எடுக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ள பேசினது வெளிய போகாதுன்னு நானே எழுதி ஒட்டினேன். அதையே பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். ஊர் முழுக்க எண்ணிக்கை தெரிஞ்சது எனக்கு ஒருத்திக்குத்தான் சார். நான் வாயத் திறக்கல."

"முதல் ஆள்கிட்டயே சொல்லியிருக்கலாமே," என்றார் தராசு மெதுவாக.

அவள் தராசின் பையைப் பார்த்தாள். "முதல் பக்கத்தப் பாத்துட்டீங்க."

"பார்த்தேன்."

தராசு பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து வெடியிடம் நீட்டினார். முதல் வரி. காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வலது கட்டை விரல், ஒரே தடவை, ஏறியது. வெடி பெயரைப் படித்தான். காலையிலிருந்து கூடவே சுற்றிய மனிதரின் பெயர்.

"அவரு தம்பிக்கு வாட்ச்மேன் வேலை," என்றாள் ஆபரேட்டர். "வீட்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பொட்டி ரூமுக்கு வந்து, நாற்காலில உக்காந்து, ஆபரேட்டர் மேடம்னு கூப்பிட்டு, வாபஸ்னாரு. நானும் நல்லா யோசிச்சீங்களான்னு கேட்டேன். சாயந்தரம் வீட்டுக்குப் போயி அதப் பத்தி நாங்க பேசிக்கல. உள்ள நடந்தது வெளிய போகக் கூடாதில்ல."

மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. கூடத்தில் பெஞ்சு பெஞ்சாக ஊர் உட்கார்ந்திருந்தது. தொண்ணூற்றேழு பேரில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். அதிகாரி இன்னும் வரவில்லை. தராசு நேராகப் போய் அவர்கள் முன்னால் நின்றார். சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் அல்ல அவர். இன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"நீங்க யாரு எப்ப வந்தீங்க, எந்த விரல வெச்சீங்கன்னு இந்தப் பையில இருக்கு. இதை நான் குடுத்தா, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகும், மலை குவாரிக்குப் போகும். குடுக்கலன்னா, மலை உங்களுக்கு, மூணு வருஷம் அவளுக்கு. அவ ஜெயிலுக்குப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டா. நீங்க என்ன சொல்றீங்க?"

கொத்தனார் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார். அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்துவிட்டார்.

பால்காரர்தான் வாயைத் திறந்தார். "அதான் அந்தம்மாவே பிரியப்பட்டு ஒத்துக்குதே. நாம எதுக்குக் குறுக்க நிக்கணும்?"

"புண்ணியம் அவளுக்கு," என்றாள் ஒரு அம்மாள். இரண்டு மூன்று தலைகள் ஆடின. அவர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கப் பிடிக்காமல் வெடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

பின்னறைக் கதவு திறந்து பெண் போலீஸ் ஆபரேட்டரைக் கூட்டி வந்தாள். கூடத்தில் பேசியதை ஆபரேட்டர் கேட்டிருக்கிறாள் என்பது தெரிந்தது. ஆனால் முகம் மாறவில்லை. ஊரைப் பற்றி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தொண்ணூற்றேழு தடவை பார்த்தவள். எதிர்ப்பக்கக் கதவு வழியாக அதிகாரியும் வந்து உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

தராசு டெய்லர் பக்கம் திரும்பினார். "என்னைக் கூப்பிட்டது நீங்க. காகிதம் உங்களோடது. குடுக்கவா, வேணாமா?"

டெய்லர் எழுந்தார். மனைவியைப் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்தார். முதல் பக்கம் மேலேதான் இருந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"இல்ல மேடம்... ஊரு தண்ணி இல்லாம கஷ்டப்படக் கூடாதில்லையா. புள்ளைய நான் பாத்துக்கறேன். மூணு வருஷம்தானே, ஓடியே போயிடும். நல்லபடியா நடந்துக்கிட்டா ரெண்டு வருஷத்துலயே விட்டுடுவாங்களாம், விசாரிச்சேன்."

விசாரித்திருக்கிறார்! வெடி ஆபரேட்டரைப் பார்த்தான். அவளும் அந்த வார்த்தையில்தான் நின்றிருந்தாள். எப்போது விசாரித்தார், யாரிடம் விசாரித்தார் என்று அவள் மனதில் ஓடியிருக்க வேண்டும். நாலு நாளாக நிமிர்ந்திருந்த முதுகு ஒரு தடவை தளர்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"ஐயா," என்றாள் அதிகாரியிடம். "காலைல நான் எழுதிக் குடுத்தத வாபஸ் வாங்கிக்கறேன்."

கூடத்தில் ஒரு சலசலப்பு.

"நான் எதுவும் பண்ணல. தொண்ணூத்தேழு பேரும் அவங்களாதான் வந்தாங்க. முதல்ல வந்தது என் வீட்டுக்காரரு. மேடம், அந்தக் காகிதத்த ஐயாகிட்ட குடுங்க."

தராசு கொடுத்தார். அதிகாரி இருபது நிமிடம் படித்தார். இன்ஜினியர் கொடுத்த சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொத்தனாரை அழைத்துக் கேட்டார். கொத்தனார் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். அதன் பிறகு எல்லாமே சீக்கிரம் நடந்தது. ஆபரேட்டர் மேல் குற்றம் இல்லை. வாபஸ்கள் செல்லும். பக்கத்து மேஜையில் தயாராக இருந்த உரிமத்தில் குமாஸ்தா சீல் குத்தினார். மை சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவையும் குத்தினார்.

வெளியே வந்தபோது ஊர் மரத்தடியில் கூடி நின்றது. யாரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவில்லை. குவாரி மேஸ்திரியைத் திட்டவில்லை. புண்ணியம் அவளுக்கு என்று சொன்ன அதே அம்மாள்தான் ஆபரேட்டரைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஊரையே கெடுத்துட்டியேடி! ஒருத்தி மனசு வெச்சிருந்தா இத்தனை குடும்பமும் பொழச்சிருக்குமே!"

"சொன்ன சொல்லுல நிக்கத் தெரியாதவ," என்றார் பால்காரர்.

வெடி பாய்ந்துவிட்டான். "யோவ்! உன் தம்பிக்கு வாட்ச்மேன் வேலைக்கு..." தராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாம கேஸை ஜெயிச்சுட்டோம் வெடி," என்றார். "போதும். வா."

ஆபரேட்டர் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர்களிடம் வந்தாள். நன்றி சொல்லவில்லை. "பொண்ணுக்கு நாலரைக்கு ஸ்கூல் விட்டுடும். அதுக்குள்ள போகணும் சார்."

"வேன் இருக்கும்மா, ஏறுங்க," என்றான் வெடி.

வேன் பக்கத்தில் டெய்லர் நின்றிருந்தார். அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் வேனைப் பார்த்தாள். கதவைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"வேணாம் சார். பஸ்லயே போயிக்கறேன்."

அந்த ஊருக்கு அந்த நேரத்தில் ஒரே ஒரு பஸ்தான். மரத்தடியில் நின்றவர்கள் எல்லாரும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அவள் சாலையைக் கடந்து போய், அவர்கள் நடுவில் நின்றுகொண்டாள்.